ஷெனாய்க்குச் சோகம் வந்தது எப்படி?

தமிழ்நாட்டில் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் காதில் ஷெனாய் விழுந்தால், யாரோ இறந்துவிட்டார்கள் என்ற எண்ணம்தான் பெரும்பாலும் முதலில் எழும். கறுப்பு வெள்ளைக் காலத் தமிழ்ப் படங்களில் தாய் கண்ணை மூடினாலும், காதலி வேறொருவனுக்குக் கழுத்தை நீட்டினாலும் பின்னணியில் ஷெனாய் இழையும். நாட்டின் பெரிய தலைவர் ஒருவர் மறைந்தால் வானொலி வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு ஷெனாய், சாரங்கி, வீணை என்று சோக இசையை ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். திரைப்பாடல் ஓட வேண்டிய நேரத்தில் அந்த ஒலி கேட்டாலே போதும், செய்தி வாசிப்பாளர் வாயைத் திறக்கும் முன்பே தெருவில் 'யாரு போயிட்டாங்க?' என்ற கேள்வி கிளம்பிவிடும். காசியில் அதே ஷெனாய் கல்யாண வாத்தியம். மணமகன் ஊர்வலத்திலும் கோயில் வாசலிலும் ஒலிப்பது, நமக்கு நாகஸ்வரம் எப்படியோ அவர்களுக்கு அது. கங்கைக்கரைக் கோயிலில் சாதகம் செய்து வளர்ந்த பிஸ்மில்லா கான், 1947இல் நாடு விடுதலை பெற்றபோது தில்லிச் செங்கோட்டையில் வாசித்தார். விடுதலையை வரவேற்க ஒரு சாவு வாத்தியத்தை யாராவது கூப்பிட்டிருப்பார்களா? ஒரே குழல், ஒரே நாணல் சீவாளி. அங்கே தாலி ஏறும் நேரம், இங்கே உயிர் பிரியும் நேரம்.

இசை மனிதரை உலுக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. உலுக்கும் சக்தி எங்கே இருக்கிறது என்பதில்தான் நாம் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். கேட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டால் அந்த ராகத்திலேயே அழுகை இருக்கிறது என்கிறோம். கால் தானாக ஆடினால் அந்தத் தாளத்திலேயே கொண்டாட்டம் இருக்கிறது என்கிறோம். என் வாதம் வேறு. வேகம், உரப்பு, குரலின் நடுக்கம் இவையெல்லாம் உடலைத் தட்டி எழுப்புகின்றன. அந்த மட்டில் இசையின் சக்தி இயற்கையானது. எழுந்த உணர்ச்சி துக்கமா, மங்கலமா, பக்தியா, அருவருப்பா என்பதை ஒலி தீர்மானிப்பதில்லை. அந்த ஒலியை நாம் எந்த வீட்டு வாசலில், எந்தச் சந்தர்ப்பத்தில், யார் கையிலிருந்து கேட்டுப் பழகினோம் என்பதே தீர்மானிக்கிறது. ரசிகர்கள் பொழுதுபோக்காகப் பேசிவிட்டுப் போகும் விஷயமாக இது தோன்றலாம். ஒரு வாத்தியத்தின் மீது ஏறிய உணர்ச்சியை அதன் பிறவிக்குணம் என்று நம்புகிற ஊரில், அதை வாசிக்கும் மனிதர் மீதும் அந்த முத்திரை விழுந்துவிடுகிறது. பறையின் கதை அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆய்வுக்கூடத்துக்குள் போய்ப் பார்க்கலாம். பாட்டைக் கேட்கும்போது மயிர்க்கூச்செறிவது ஏன் என்பதை மூளைப் படம் எடுத்துப் பார்த்த முன்னோடி ஆய்வு ஒன்று 2001இல் வெளிவந்தது. கனடாவில் மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பிளட், ராபர்ட் சட்டோரே இருவரும் செய்தது. இசைப் பயிற்சி பெற்ற பத்துப் பேரை அழைத்து, தவறாமல் உடலைச் சிலிர்க்கவைக்கும் இசை எதுவோ அதை அவரவரே கொண்டுவரச் சொன்னார்கள். சிலிர்ப்பு எழுந்தபோது, பசிக்குச் சாப்பாடு கிடைத்தால் எந்தப் பகுதிகள் விழித்துக்கொள்ளுமோ ஏறக்குறைய அதே பகுதிகள் மூளையில் விழித்துக்கொண்டன. இசையின் மகிமையைப் பேசுகிற எல்லாரும் இந்த முடிவை மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது அந்தச் சோதனையை அமைத்த விதம். ஒருவரின் சிலிர்ப்பை ஒப்பிட்டுப் பார்க்க, சிலிர்ப்புத் தராத வேறோர் இசையும் வேண்டும். அதற்காக ஆய்வாளர்கள் எங்கும் தேடிப் போகவில்லை. இன்னொரு பங்கேற்பாளர் தன்னைச் சிலிர்க்கவைப்பதாகச் சொல்லிக் கொண்டுவந்த இசையையே இவருக்குப் போட்டார்கள். அவர் உயிரை உருக்கிய பாட்டு இவருக்கு வெறும் ஒப்பீட்டுச் சரக்கு. எல்லாரும் மேற்கத்தியச் செவ்வியல் இசையில் ஊறியவர்கள், ஏறக்குறைய ஒரே மரபில் வளர்ந்த காதுகள். அப்படியிருந்தும் ஒருவரின் கண்ணீர் அடுத்தவரைத் தொடவில்லை. 2011இல் இதே மெக்கில் குழுவினர், வலோரி சலிம்பூரின் தலைமையில், இசை கேட்கும்போது மூளையில் டோபமைன் சுரப்பதைக் காட்டினார்கள். அங்கும் சிலிர்க்கவைக்கும் இசையைத் தேர்ந்தெடுத்தவர்கள் கேட்டவர்களேதான். உணர்ச்சி சுரத்திலேயே உறைந்திருந்தால் விஞ்ஞானிகளே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து எல்லாருக்கும் போட்டிருக்கலாமே!

ஒரு தனி மனிதரின் நினைவில் நடப்பது ஒரு நாட்டின் நினைவிலும் நடக்கும். அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் 1936இல் ஒரு நால்வர் நரம்பிசைப் படைப்பை எழுதினார். அதன் மெதுவான நடுப்பகுதியைத் தந்திக் கருவிக் குழுவுக்காக விரித்தெழுத, 1938இல் இசைக்குழு நடத்துநர் டோஸ்கனினி அதை வானொலியில் நடத்தினார். யார் சாவுக்காகவும் எழுதப்பட்டதல்ல அது. 1945இல் அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தபோது வானொலியில் அது ஒலித்தது. 1963இல் கென்னடி கொல்லப்பட்டபோதும் ஒலித்தது. 1986இல் வியட்நாம் போர் பற்றிய 'பிளாட்டூன்' படம் அதைப் பிணங்கள் மீது ஓடவிட்டது. உலகின் மிகச் சோகமான இசை எது என்று பிபிசி வானொலி 2004இல் நேயர்களைக் கேட்டபோது அதுவே முதலிடம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில் டியெஸ்டோ என்ற நெதர்லாந்து டிஜே அதே மெட்டுக்கு அதிரடித் தாளம் சேர்த்து இசைத்தட்டில் வெளியிட்டார். ஆட்ட அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் கையை உயர்த்திக் குதித்தார்கள். சுரவரிசை மாறவில்லை. கேட்டவர்கள் நின்ற இடம் மாறியிருந்தது, வேகம் கூடியிருந்தது. நமக்கு இது புதிதும் அல்ல. வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்படும் கானாவும், சாவு ஊர்வலத்தில் பூவை இறைத்துக்கொண்டு ஆடுகிற குத்தும், சினிமாவுக்குள் நுழைந்ததும் கதாநாயகனின் அறிமுகப் பாட்டாகிவிட்டன. திரையரங்கில் விசிலடிப்பவர் தான் ஆடுவது எந்த வீட்டு அடி என்று நினைத்துப் பார்ப்பதில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்கு அது கொண்டாட்டத்தின் அடியாகவே வந்து சேர்ந்தது.

கர்நாடக இசை அறிந்தவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். முகாரி என்றாலே அழுகை, நீலாம்பரி என்றாலே தூக்கம். இதை நூற்றாண்டுகளாக மரபு சொல்லிவருகிறதே, அது பொய்யா என்பார்கள். 'முகாரி பாடுகிறான்' என்று புலம்புபவனைக் கேலி செய்யும் அளவுக்கு அந்தப் பிணைப்பு பேச்சிலும் ஊறியிருப்பது உண்மைதான். ஆனால் தியாகராஜர் முகாரியில் என்ன பாடினார் என்று பார்க்க வேண்டும். 'எந்தநின்னே' என்ற கீர்த்தனையில், இராமனை நேரில் கண்டு கனி படைக்கப் பெற்ற சபரியின் பாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். 'காருபாரு' கீர்த்தனை இராமனின் ஆட்சிச் சிறப்பைப் புகழ்வது. இரண்டிலும் ஒப்பாரி எங்கே இருக்கிறது? பெருவியப்பு இருக்கிறது, மனம் நிறைந்த கனிவு இருக்கிறது. முகாரியைச் சோகத்துக்கு மட்டும் குத்தகைக்கு விட்டது, தியாகராஜரைவிட மேடை நாடகமும் சினிமாவும்தான் என்பது என் கணிப்பு. இந்தோளத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவு. அதன் ஐந்து சுரங்களும் இந்துஸ்தானியின் மால்கௌன்ஸ் ராகத்தின் ஐந்து சுரங்களும் ஒன்றே. வடக்கே மால்கௌன்ஸ் நள்ளிரவு ராகம், கனமானது. அதைப் பாடினால் ஆவிகள் வந்து கேட்கும் என்றுகூட உஸ்தாதுகளிடையே கதை உண்டு. தெற்கே இந்தோளத்தை மாலைக் கச்சேரியில் முகம் மலரப் பாடுகிறோம், 'சாமஜவரகமனா' பாடினால் சபை குளிர்ந்துபோகிறது. எந்தப் பேயும் எட்டிப் பார்த்ததாகத் தகவல் இல்லை. ராகம் என்பது வெறும் ஆரோகண அவரோகணமா, கமகமும் சஞ்சாரமும் பிடிகளும் சேர்ந்ததல்லவா என்று கேட்பது நியாயம். அதை ஒப்புக்கொள்கிறேன். கமகமும் பிடியும் எங்கிருந்து வந்தன என்பதையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம். தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் பாடிப் பாடி உண்டாக்கிய பழக்கத்திலிருந்துதான் அவை வந்தன.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. மொழி தெரியாத பாட்டு, கேள்விப்படாத மரபு, இருந்தும் கேட்பவர் அதிலிருக்கும் உணர்ச்சியைப் பிடித்துவிடுகிறாரே, அது எப்படி? வடக்குக் கேமரூன் மலைகளில் வாழும் மாஃபா மக்களில், மேற்கத்திய இசையே கேட்டிராதவர்களைத் தேடிப் போனார் தாமஸ் ஃப்ரிட்ஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர். அவருடைய குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், மேற்கத்திய பியானோ இசைத் துண்டுகளில் மகிழ்ச்சி எது, துயரம் எது, அச்சம் எது என்பதை அவர்கள் குருட்டாம்போக்கில் சொல்லக்கூடியதைவிடச் சரியாகவே இனங்கண்டார்கள். ஒப்பிடுவதற்காகச் சேர்க்கப்பட்ட ஜெர்மானியர்கள் அளவுக்கு இல்லை என்றாலும் கண்டார்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1999இல், லாரா லீ பால்க்வில், வில்லியம் தாம்சன் இருவரும் இந்துஸ்தானி ராகங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத கனடா நாட்டவர்களுக்கு அவற்றைப் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் அவர்கள் பிடித்துவிட்டார்கள். சாந்தத்தைப் பிடிக்க முடியவில்லை. இந்த ஒரு தோல்வி எனக்கு மற்ற வெற்றிகளைவிட அதிகம் சொல்கிறது. மகிழ்ச்சியை வேகமும் சோகத்தை மந்தநடையும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு ராகம் தெரிய வேண்டியதில்லை. சாந்தம் என்பது ஒரு பண்பாடு தனக்கென்று பழக்கிக்கொண்ட நிலை, அதை வெளியாள் வேகத்தைக் கணக்குப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பேச்சுக்குரலையும் இசையையும் ஒப்பிட்ட ஸ்வீடன் ஆய்வாளர்கள் பேட்ரிக் யூஸ்லினும் பெட்ரி லௌக்காவும் 2003இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். துயரத்தில் இருக்கும் மனிதர் மெல்லப் பேசுவார், தாழ்ந்த குரலில் பேசுவார், குரல் இறங்கிக்கொண்டே போகும். சோக இசையும் அப்படியே நடக்கிறது. ஆகவே எல்லா மனிதருக்கும் பொதுவான ஓர் அடித்தளம் உண்டு. குரல் உடைவதைக் கேட்டால் எந்த ஊர்க்காரருக்கும் நெஞ்சு இளகும். இதை நான் மறுக்கவில்லை. அடித்தளம் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் கேள்வி. அமெசான் காடுகளின் ஓரத்தில், பொலிவியாவில் வாழும் சிமானே மக்களிடம் ஜாஷ் மெக்டெர்மட்டின் குழு நடத்திய ஆய்வு 2016இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஒன்றோடொன்று இசையும் சுரக்கூட்டு இனிமை, இசையாதது கடூரம் என்று மேற்கத்திய இசை இலக்கணம் இயற்கை விதிபோலச் சொல்லிவந்ததே, சிமானே மக்களுக்கு இரண்டும் சமமாகவே இனித்தன. காதுக்கு எது இனிமை என்பதே பழக்கம் என்றால், ஷெனாய் அமங்கலம், பறை தீட்டு என்பதெல்லாம் காதின் தீர்ப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?

அழுகையை இசையாகவே வளர்த்தெடுத்த ஒரு கலை நம்மிடம் இருக்கிறது. ஒப்பாரியைவிட நேரடியாக மனத்தைப் பிழிகிற இசை உலகில் அதிகம் இருக்க முடியாது. செத்தவரைக் கிடத்தியிருக்கும் வீட்டில் பெண்கள் தோளில் தோள் சாய்த்து வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி அடி எடுக்க, மற்றவர்கள் கூடச் சேர, ஒவ்வொரு வரியின் முடிவிலும் பாட்டு எங்கே நிற்கிறது, அழுகை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி குரல் இறங்கும். கேட்பவர் கல்லாக இருந்தாலும் கரைவார். அப்படியானால் அந்த மெட்டில்தானே துக்கம் இருக்கிறது? மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசஸ் தமிழ்நாட்டில் தங்கி ஒப்பாரிப் பெண்களோடு பழகி எழுதிய நூல் 2005இல் வந்தது. இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதையே அந்த நூலுக்குத் தலைப்பாக வைத்தார். அந்தப் பெண்களே சொன்ன செய்தி அது. யார் வீட்டுச் சாவானாலும் அங்கே ஒவ்வொருத்தியும் தன் தாயை, தன் தரித்திரத்தை, தன்னை வெட்டிவிட்ட அண்ணனை, பிறந்த வீட்டில் கிடைக்காமல்போன உரிமையை நினைத்து அழுகிறாள். ஒப்பாரி அவளுக்குத் துக்கத்தைத் தருவதில்லை. ஏற்கெனவே இருக்கிற துக்கத்தைச் சொல்ல ஓர் அனுமதியைத் தருகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே அவளுடைய அந்தப் பேச்சுக்கு இடமில்லை. மாமியார் வீட்டைப் பற்றி மற்ற நாளில் ஒரு வார்த்தை பேச முடியாதவள், சாவு வீட்டில் ஊர் கேட்கப் பாடலாம். ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடப்பட்ட ஒப்பாரி யூடியூபில் கிடைக்கிறது. அதைக் கேட்டும் சிலர் அழுகிறார்கள், அவர்களிடம் சொல்லாத துக்கம் ஏதோ இருக்கிறது. மற்றவர்களுக்கு அது நாட்டுப்புறக் கலை.

அப்படியென்றால் இசையமைப்பாளருக்கு என்ன வேலை, சாப்பாட்டு மணி கேட்டு வாயூறுவதுபோலத்தான் பாட்டுக்கு அழுவதுமா என்று கோபப்படலாம். இந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. பழக்கம் மட்டுமே போதும் என்றால் மோசமான பாட்டும் நல்ல பாட்டும் ஒன்றாகிவிடும். சலிம்பூர் குழுவின் ஆய்வு இதற்குத்தான் பதில் வைத்திருக்கிறது. சிலிர்ப்பு உச்சத்தை அடையும் நொடியில் மட்டும் டோபமைன் சுரக்கவில்லை. உச்சம் வரப்போகிறது என்று மனம் காத்திருக்கும் சில நொடிகளிலும், மூளையின் வேறொரு பகுதியில் சுரந்தது. காத்திருக்கவைப்பதுதான் கலை. பிரிட்டன் உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1991இல், எந்த இடத்தில் கண்ணீர் வருகிறது என்று இசை ரசிகர்களைக் கேட்டு, அந்த இடங்களை இசைக்குறிப்பில் தேடிப் பார்த்தார். பல இடங்களில், வந்து சேர வேண்டிய சுரத்துக்கு நேராக வராமல் பக்கத்துச் சுரத்தில் ஒரு கணம் சாய்ந்து, பிறகு இறங்குகிற அமைப்பு இருந்தது. நம் பாடகர்கள் ஒரு சுரத்தைத் தொடாமல் தொட்டு, ஆட்டி, கடைசியில் ஷட்ஜத்தில் வந்து சேரும்போது சபையிலிருந்து எழும் 'ஆகா'வுக்கும் இதுவே காரணம். ஆனால் எந்தச் சுரம் வர வேண்டும் என்று காத்திருக்க, அந்த இசையில் காது ஊறியிருக்க வேண்டும். பழக்கம் இல்லாதவருக்கு எதிர்பார்ப்பும் இல்லை, ஏமாற்றமும் இல்லை, சிலிர்ப்பும் இல்லை. திறமையுள்ள இசையமைப்பாளர் நம் பழக்கத்தை நன்றாகப் படித்தவர். 'சுமைதாங்கி' படத்தில் கண்ணதாசன் எழுதி, பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிய ஆறுதல் பாட்டு 1962இல் எத்தனையோ பேர் காதில் விழுந்திருக்கும். சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பிவிட நினைத்திருந்த பாடலாசிரியர் வாலியின் காதில் விழுந்தபோது, அது அவரைத் தங்கவைத்தது. தன் வாழ்க்கையையே திருப்பிய பாட்டு என்று பிற்காலத்தில் அவரே பல மேடைகளில் சொன்னார். கைவினை கண்ணதாசனுடையதும் இசையமைத்த விஸ்வநாதன் - ராமமூர்த்தியுடையதும். அதற்குள் வந்து உட்கார்ந்த விரக்தி வாலியுடையது.

இந்த வாதத்தை ஒப்புக்கொண்டால் சில வியாபாரங்களுக்கு நட்டம்தான். இன்ன ராகம் இன்ன நோய்க்கு என்று அட்டவணை போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பட்டியல்கள் அவற்றில் முதலாவது. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியின் பதற்றத்தை இசை ஓரளவு தணிக்கிறது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பீடு ஒன்று சொன்னது உண்மை. அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட ராகம் ரத்த அழுத்தத்தை இறக்கும், இன்னொன்று சர்க்கரையைக் குறைக்கும் என்று தாவுவதற்குப் பாலம் எதுவும் கிடையாது. கானா கேட்டு வளர்ந்தவரைப் படுக்கவைத்து நீலாம்பரி போட்டால் அவருக்கு என்ன நடக்கும் என்று இந்த அட்டவணைக்காரர்கள் யோசித்திருப்பார்களா தெரியவில்லை.

நட்டம் பார்க்காமல் விடவேண்டிய இன்னொரு நம்பிக்கை, பறையைப் பற்றியது. அதன் ஒலியே சாவுக்குரியது, அதனால்தான் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆகாது என்று இன்றும் படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது, தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணையும் மணமுழவும், நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பிரித்துச் சொல்கிறார்கள். ஏறு தழுவவும், நெல் அறுக்கவும், மீன் பிடிக்கவும், கல்யாணத்துக்கும் தோல் கருவிகள் முழங்கிய நிலம் இது. சாவுக்கும் முழங்கியது. ஒரு வீட்டில் சாவுக்குரிய நெய்தல் பறையும் இன்னொரு வீட்டில் மண முழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கண்டு, இந்த உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றில் கடிந்துகொள்கிறார், அது 194ஆம் பாட்டு. அவருக்குப் படைத்தவன் மீது கோபம், தோல் மீது இல்லை. பின்னாளில் சாதி ஒரு சமூகத்தின் கழுத்தில் பறையை மாட்டி, சாவுக்கு அடிப்பதை ஊழியமாக்கி, மறுத்தால் அடித்து உதைத்தது. அதன் பிறகு பறை பெரும்பாலும் சாவு வீட்டிலேயே கேட்டது, அதுவும் தீண்டக் கூடாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் கையிலிருந்து மட்டுமே கேட்டது. கேட்டவர்கள் மனத்தில் துக்கமும் தீட்டும் ஒன்றாகப் படிந்தன. பிறகு அந்தப் படிவை ஒலியின் குணமென்று சொல்லிக்கொண்டார்கள்.

ஒலியின் குணமாக இருந்திருந்தால் அது மாறியிருக்கக் கூடாது, மாறியிருக்கிறது. பறையை அடிக்கவே மாட்டோம், அது எங்கள் அடிமைத்தனத்தின் சின்னம் என்று கைவிட்ட தலித் இளைஞர்களும், அடிப்போம், ஆனால் சாவுக்கு அடிக்க மாட்டோம், மேடையில் அடிப்போம் என்று எடுத்துக்கொண்டவர்களும் ஒரே காலத்தில் எழுந்தார்கள். இரண்டு தரப்புக்கும் இடையே நடந்த விவாதம் இன்னும் முடியவில்லை, முடிய வேண்டியதுமில்லை. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டியபோது, ஆண்கள் மட்டுமே அடிப்பது என்ற பழைய வரையறையும் சேர்ந்தே உடைந்தது. மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பொங்கல் விழாவில், கல்லூரி ஆண்டு விழாவில், போராட்டப் பந்தலில், சில கல்யாணங்களில் இன்று பறை முழங்குகிறது. தீயில் காய்ச்சித் தோலை இறுக்கும் முறையும், அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் அதேதான். இருந்தும் ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு அந்த ஒலி கேட்டதும் வருவது பயமில்லை, ஆட்டம்.

அரசு விருது கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா, கிராமத்தில் இன்றும் சாவுக்கு அடிக்க வரச்சொல்லி ஆள் அனுப்புகிறார்களே என்று கேட்டால், சரியாகிவிடாது என்பதுதான் பதில். உணர்ச்சியைச் சந்தர்ப்பம் உருவாக்குகிறது என்றால், சந்தர்ப்பம் மாறாத ஊரில் உணர்ச்சியும் மாறாது. சாவுக்கு ஊழியம் செய்வது கட்டாயமாக இருக்கும்வரை அந்த ஊர்க் காதில் பறை சாவாகவே ஒலிக்கும், நகரத்து மேடையில் எத்தனை கைத்தட்டல் விழுந்தாலும். ஆகவே வேலை இரண்டு இடத்தில் நடக்க வேண்டும். கூலியில்லாமலும் மறுக்கும் உரிமையில்லாமலும் ஒருவரை அடிக்கவைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிற குற்றம் என்பதைக் காவல் நிலையங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிகளில் ஆண்டு விழாவுக்கு மட்டும் பறைக்குழுவை அழைத்து அனுப்பிவிடாமல், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வாரந்தோறும் குச்சி பிடித்துப் பழகும் வகுப்பாக அதை வைக்க வேண்டும். முதல் அடியிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுக்கக் கலைஞர்கள் இருக்கிறார்கள், மாதச் சம்பளத்தோடு அவர்களை ஆசிரியராக அமர்த்தினால் வருவார்கள்.